அத்தியாயம் 3: ஐஐஎம் அழைப்பு வருமா? விண்ணப்பிக்கும் முன் ஒரு கணக்கு

ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்பது அடுத்த அத்தியாயம். இங்கே ஒரே ஒரு வேலைதான். இன்றைய நிலையில் எந்தெந்த ஐஐஎம் உங்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிடும், எது கூப்பிடாது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறீர்கள். ஒரு வெள்ளைத் தாள், கால்குலேட்டர், பத்தாம் வகுப்பு முதல் கல்லூரி வரையிலான மார்க் ஷீட்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். ஏன் என்பது இரண்டாம் படியில் தெரியும்.

"99 எடுத்தா ஐஐஎம் கன்ஃபார்ம்" என்று கல்யாண வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதிதான் உண்மை. 99 பர்சன்டைல் எடுத்தும் அகமதாபாத், பெங்களூர், கொல்கத்தா மூன்றிலிருந்தும் ஓர் அழைப்புகூட வராதவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். 96 எடுத்துவிட்டு வேறொரு நல்ல ஐஐஎம்மில் போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் அந்த மதிப்பெண்ணை என்ன செய்வது என்பதை ஒவ்வொரு ஐஐஎம்மும் தனித்தனியாக முடிவு செய்கிறது. அந்த விதிகளை ஒவ்வோர் ஆண்டும் தன் இணையதளத்தில் சேர்க்கை நடைமுறை என்ற பெயரில் பிடிஎஃப் கோப்பாக வெளியிட்டும் விடுகிறது. அதைத் திறந்து படிப்பவர்கள்தான் குறைவு.

படி 1: வாசலைத் தாண்டுகிறீர்களா?

இது ஒரு நிமிட வேலை. இளநிலைப் பட்டத்தில் குறைந்தது 50 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45 போதும். இறுதியாண்டு படிப்பவர்களும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது. அரியர் இருந்தால், சேர்க்கைக்கு முன் பட்டப்படிப்புத் தேவைகளை முடித்துவிடுவீர்களா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மார்க் ஷீட் கணக்கு

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். பொறியியல் சேர்க்கைக்காக 200க்கு இத்தனை என்று கட்-ஆஃப் போட்டுப் பழகிய தலைமுறை நாம். "பன்னிரண்டாவதுல எவ்வளவு?" என்று கேட்டால் "195 கட்-ஆஃப்" என்றுதான் பதில் வரும். ஐஐஎம்முக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. மார்க் ஷீட்டில் அச்சாகியிருக்கும் எல்லாப் பாடங்களையும் கூட்டி, தமிழும் ஆங்கிலமும் உட்பட, மொத்த மதிப்பெண்ணுக்குச் சதவீதம் போட வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியலில் சதம் அடித்துவிட்டு மொழிப் பாடங்களில் கோட்டை விட்டவர்களுக்கு இந்தச் சதவீதம் அதிர்ச்சி தரும். அந்த அதிர்ச்சி ஜனவரியில் வருவதைவிட இன்றைக்கே வருவது நல்லது.

வரிசையாக இப்படிச் செய்யுங்கள்:

1. பத்தாம் வகுப்பு: எல்லாப் பாடங்களின் கூட்டல், அதற்கான சதவீதம், இரண்டு தசம இடங்கள் வரை. 89.6ஐ 90 என்று எழுதாதீர்கள்.

2. பன்னிரண்டாம் வகுப்பு: அதே முறை. 'சிறந்த ஐந்து பாடங்கள்' என்ற சலுகையை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. பட்டம்: பல்கலைக்கழகம் சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்ற ஒரு முறை வைத்திருந்தால் அதுதான் செல்லும். அப்படி எதுவும் இல்லை என்றால் உங்கள் சிஜிபிஏவை அதிகபட்ச சிஜிபிஏவால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 10க்கு 7.8 என்றால் 78. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு ஒரு காலத்தில் இருந்த 9.5ஆல் பெருக்கும் வழக்கத்தைக் கல்லூரி மதிப்பெண்ணுக்குக் கொண்டுவராதீர்கள்.

4. வேலை அனுபவம்: பட்டம் முடித்த பிறகு பார்த்த முழுநேர வேலை மட்டும், மாதக் கணக்கில். இன்டர்ன்ஷிப், படிக்கும்போது பார்த்த பகுதிநேர வேலை எல்லாம் சேராது. பெரும்பாலும் தேர்வு நடக்கும் ஆண்டின் ஜூலை 31 வரைதான் கணக்கு. ஆகஸ்டில் வேலையில் சேர்ந்தவருக்கு அந்த ஆண்டில் பூஜ்யம்.

கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020இல் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையும் வருகைப் பதிவையும் வைத்து மதிப்பெண் போடப்பட்டது. அச்சிட்ட எண் இருக்கிறது, அதை அப்படியே எழுதுங்கள். 2021இல் முடித்தவர்களுக்கு மதிப்பெண்ணே இல்லை. சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். பள்ளியில் கேட்டு வாங்கிய எண்ணையோ, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணையோ நீங்களாகப் போட்டு நிரப்பாதீர்கள். கேட் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் வரும் பதிலைப் பத்திரப்படுத்திவிட்டு அதன்படி நிரப்புங்கள். சான்றிதழ் சரிபார்ப்பின்போது அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்குத் துணை.

படி 3: ஓர் ஐஐஎம்மின் விதியில் உங்களைப் பொருத்திப் பாருங்கள்

அகமதாபாத்தை எடுத்துக்கொள்வோம். கேட் மதிப்பெண்ணோடு விண்ணப்ப மதிப்பீடு என்று ஒன்றையும் சேர்த்துத்தான் அது அழைப்புப் பட்டியல் தயாரிக்கிறது. அண்மை ஆண்டுகளில் அந்தக் கூட்டலில் விண்ணப்ப மதிப்பீட்டின் எடை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையவில்லை. அதே ஆண்டுகளின் அறிக்கைகளில் இந்த மதிப்பீட்டுக்காகப் பத்தாம் வகுப்புக்கு இருந்த அட்டவணை இது:

55 சதவீதம் வரை: 1 புள்ளி
55க்கு மேல் 60 வரை: 2
60க்கு மேல் 70 வரை: 3
70க்கு மேல் 80 வரை: 5
80க்கு மேல் 90 வரை: 8
90க்கு மேல்: 10

பன்னிரண்டாம் வகுப்புக்கு அறிவியல், வணிகவியல், கலை என்று பிரிவுக்கு ஓர் அட்டவணை. பட்டத்துக்கும் பாடப்பிரிவுக்கு ஏற்ப அட்டவணை மாறும். வேலை அனுபவத்துக்கு ஒரு சூத்திரம்: 12 மாதத்துக்குக் குறைவு என்றால் பூஜ்யம். 12 முதல் 36 மாதம் வரை, மாத எண்ணிக்கையில் 11ஐக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும். 36 மாதத்துக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 5 புள்ளிதான்.

கோவையில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலைக்குப் போகும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்தாவதில் 94 சதவீதம், அறிவியல் பிரிவில் பன்னிரண்டாவதில் 78, வேலை 28 மாதம். பத்தாவதுக்கு 10 புள்ளி, பன்னிரண்டாவதுக்கு 5, வேலைக்கு (28 - 11) × 0.2 = 3.4. அவரே பன்னிரண்டாவதில் 81 எடுத்திருந்தால் 5க்குப் பதில் 8 கிடைத்திருக்கும். அந்த மூன்று புள்ளியை வேலை அனுபவத்தில் சம்பாதிக்க 15 மாதம் ஆகும். பதினேழு வயதில் விட்ட 3 சதவீதத்துக்கு இவ்வளவு விலையா என்று கோபம் வரலாம். எனக்கும் இந்தப் படிக்கட்டு முறை நியாயமாகப் படவில்லை. 80.0 எடுத்தவருக்கும் 80.1 எடுத்தவருக்கும் இடையே மூன்று புள்ளி வித்தியாசம் என்பதை எப்படி நியாயப்படுத்துவது? ஆனாலும் விதி அதுதான், உங்கள் தாளில் அதன்படிதான் எழுத வேண்டும்.

பெங்களூர் வேறு வழியில் போகிறது. பள்ளி மதிப்பெண்ணை அப்படியே எடுக்காமல், உங்கள் வாரியத்திலிருந்து கேட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் 90ஆம் பர்சன்டைலில் இருப்பவரின் மதிப்பெண்ணால் வகுக்கிறது. அதாவது மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் அதே பாடத்திட்டத்துக்காரர்களோடுதான் ஒப்பிடப்படுவார். அள்ளி மதிப்பெண் போடும் வாரியத்தில் 92 எடுத்திருந்தால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது உயரம் இல்லை.

குறிப்பு: பெண்களுக்கும் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் பல ஐஐஎம்கள் கூடுதல் புள்ளி தருகின்றன. எவ்வளவு என்பது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். பிகாம், பிஏ படித்தவர்கள் "நமக்கெல்லாம் எங்கே" என்று ஒதுங்குவதற்கு முன் கூடுதல் புள்ளி பற்றிய பத்தியைப் பிடிஎஃப்பில் தேடிப் பாருங்கள். அகமதாபாத்தில் பாடப்பிரிவுவாரியாகத் தனிப் போட்டியும் உண்டு.

எச்சரிக்கை: மேலே உள்ள அட்டவணை வழிமுறையைக் காட்டுவதற்காகத்தான். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிக்கையைத் திறந்து, அதிலுள்ள எண்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

படி 4: ஜாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? எது?

ஐஐஎம்களில் ஓபிசிக்கு 27 சதவீதம், எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 10, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடங்கள். தமிழ்நாட்டின் 69 சதவீத முறை இங்கே செல்லாது. பிசி, எம்பிசி என்ற பிரிவுகளும் கிடையாது.

பள்ளியில் சேரும்போது வாங்கிய பிசி சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். மத்திய அரசு நிறுவனங்களுக்கு அது போதாது. செய்ய வேண்டியவை:

1. உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் தமிழ்நாட்டுக்கான பகுதியில் இருக்கிறதா என்று தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் பிசி என்று இருந்து, மத்தியப் பட்டியலில் இல்லாத சமூகங்களும் உண்டு.

2. ஒதுக்கீடு கிடைக்காத வசதிப் பிரிவான கிரீமி லேயருக்குள் நீங்கள் வருகிறீர்களா என்று பாருங்கள். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். ஆனால் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் எப்படிக் கணக்கில் வரும் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. வீட்டு வருமானத்தை மொத்தமாகக் கூட்டிப் பார்த்துவிட்டு 'நமக்குக் கிடைக்காது' என்று முடிவு செய்யாதீர்கள். தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள்.

3. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கையெழுத்து நகர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் மூடும். அதனால் ஜூனிலேயே தொடங்குங்கள். ஏப்ரல் 1க்குப் பிறகு, நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருப்பது பாதுகாப்பு.

4. சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டோடு பொருந்துகின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் பிரிவைத் தவறாகக் குறித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. பொதுப் பிரிவில் 99க்கு மேல் தேவைப்படும் அழைப்பு, ஒதுக்கீட்டுப் பிரிவில் அதைவிடக் குறைவான பர்சன்டைலிலேயே வரும். இதுவரை போட்ட கணக்கு முழுவதையும் இந்த ஒரு சான்றிதழ் தலைகீழாக்கிவிடும்.

படி 5: எத்தனை பர்சன்டைல் வேண்டும்?

பர்சன்டைல் என்றால் சதவீதம் இல்லை, அது வரிசையில் உங்கள் இடம். 2024 கேட் தேர்வை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 99 பர்சன்டைல் என்றால் உங்களோடு சேர்த்து ஏறக்குறைய 2,900 பேர் அந்த உயரத்தில் நிற்கிறார்கள். 99.5 என்றால் சுமார் 1,450 பேர். அகமதாபாத்தின் இரண்டாண்டு முதன்மைப் படிப்பில் இருப்பது சுமார் 400 இடங்கள். ஒதுக்கீடு போக எல்லோருக்கும் பொதுவாக நிற்பவை 160 சொச்சம். '99 எடுத்தா கன்ஃபார்ம்' ஏன் பாதி உண்மை என்பது இப்போது புரிந்திருக்கும்.

அறிக்கைகளில் குறைந்தபட்ச பர்சன்டைல் என்று ஓர் எண் இருக்கும். அண்மை ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்கு அகமதாபாத் 95 என்றும், பெங்களூரும் கொல்கத்தாவும் 85 என்றும் போட்டன. 85 எடுத்தவருக்குப் பெங்களூர் அழைப்பு வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதற்குக் கீழே இருப்பவரின் விண்ணப்பத்தைத் திறக்கவே மாட்டோம் என்பதுதான் அர்த்தம். பொதுப் பிரிவில் உண்மையான அழைப்புகள் பெரும்பாலும் 99ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோதான் போகின்றன.

மொத்த எண்ணைப் போலவே தேர்வின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குறைந்தபட்சம் உண்டு. ஆங்கில வாசிப்பு, தரவு-தர்க்கம், கணிதம் என்று மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். கணிதத்தில் 99.8 எடுத்து, மொத்தத்தில் 98ஐத் தாண்டி, ஆங்கில வாசிப்பில் 70இல் நின்றால் பெரிய ஐஐஎம்களின் கதவு மூடிவிடும். பொறியியல் மாணவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். தமிழ் வழியில் படித்தவர்கள் இந்தப் பிரிவுக்கு ஓர் ஆண்டு முன்பே ஆங்கிலக் கட்டுரை வாசிப்பைத் தொடங்கிவிட வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் ஏற்றிவிடக்கூடிய திறன் இல்லை அது.

படி 6: மாக் (மாதிரி) தேர்வுகளிலிருந்து உங்கள் எண்ணை எடுங்கள்

1. முழுநேர மாக், 120 நிமிடம், இடையில் எழாமல், போனை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதியவை மட்டும் கணக்கில் வரும்.

2. கடைசியாக எழுதிய ஏழில் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிடுங்கள்.

3. மிச்சம் ஐந்தின் கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் எழுதுங்கள். '94 முதல் 97.5 வரை' என்பது போல. சராசரியை விட இந்த வரம்புதான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

4. பிரிவுவாரியாகவும் அதே வேலை.

மதிப்பெண்ணை வைத்து ஆசையோ பயமோ கொள்ள வேண்டாம். மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காதவர்களுக்கு 99 பர்சன்டைல் கிடைத்த ஆண்டுகள் உண்டு. வினாத்தாளின் கடுமையைப் பொறுத்து அது ஏறி இறங்கும்.

படி 7: மூன்று பட்டியல்கள்

இப்போது தாளில் உங்கள் புள்ளிகள், சான்றிதழ் நிலை, பர்சன்டைல் வரம்பு மூன்றும் இருக்கின்றன. இனி நிறுவனங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பட்டியல், உங்கள் மேல் எண்ணுக்கும் எட்டாதவை. இரண்டு போதும்.

இரண்டாவது, உங்கள் வரம்புக்குள் விழுபவை. அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். திருச்சி உட்படப் புதிய ஐஐஎம்கள் பலவும் கூட்டு நேர்காணல் முறையில் அழைப்பதால், ஒரே இன்டர்வியூவில் பல கதவுகள் திறக்கும். கேட் மதிப்பெண்ணை ஐஐடி மெட்ராஸ், என்ஐடி திருச்சி ஆகியவற்றின் மேலாண்மைத் துறைகளும், டெல்லி பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ்ஸும் எடுத்துக்கொள்கின்றன. இவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தேதியைத் தவறவிடாதீர்கள். பெரிய ஐஐஎம்களில் கட்டணம் 25 லட்சத்தை ஒட்டி நிற்கும்போது எஃப்எம்எஸ் கட்டணம் அதில் சிறு பங்குதான்.

மூன்றாவது, உங்கள் கீழ் எண்ணிலும் கிடைப்பவை. 'கிடைத்தால் உண்மையிலேயே சேருவேனா?' என்று கேட்டுப் பார்த்து, இல்லை என்றால் அடித்துவிடுங்கள். சேர மாட்டேன் என்று தெரிந்தும் விண்ணப்பக் கட்டணம் கட்டுவது வீண். தமிழ்நாட்டின் டான்செட் நுழைவுத் தேர்வை எழுதி அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர்வதையும் இந்தப் பட்டியலில் வைக்கலாம். ஜனவரியில் வரும் எக்ஸாட் தேர்வு மூலம் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐக்கு முயல்வது முதல் இரண்டு பட்டியல்களுக்குப் பொருந்தும்.

அழைப்பு வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அகமதாபாத்தின் இறுதித் தேர்வில் அண்மை ஆண்டுகளில் இன்டர்வியூவுக்கு மட்டுமே பாதி எடை. 99.9க்காரர் இன்டர்வியூவில் தோற்பதும் 98.9க்காரர் ஜெயிப்பதும் நடக்கிற கதைதான்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

கோச்சிங் சென்டர் சுவரில் இருக்கும் புகைப்படங்களைப் பார்த்து உங்களை எடை போடுவது. அந்தப் படத்துக்குக் கீழே பர்சன்டைல் இருக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் இருக்காது, பிரிவும் இருக்காது. உங்களோடு ஒப்பிட அந்த எண் எதற்கும் உதவாது.

போன ஆண்டு அண்ணன் சொன்ன விதியை நம்புவது. எடைகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. கேட் மதிப்பெண்ணும் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும்.

பள்ளி மதிப்பெண் குறைவு என்று தேர்வையே கைவிடுவது. பழைய மதிப்பெண்ணுக்குக் குறைவான எடை தரும் இடங்களும் இருக்கின்றன. பிடிஎஃப்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அவை தெரியும்.

பணம் கேட்பவர்களிடம் கவனம்

ஐஐஎம்மில் மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது. நன்கொடை இடமும் கிடையாது. 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று யார் சொன்னாலும், அவர் உறவினராகவே இருந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள். ஓடிபி, கேட் விண்ணப்ப எண், கடவுச்சொல் மூன்றையும் கோச்சிங் சென்டர் உட்பட யாரிடமும் பகிர வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு ப்ரொஃபைலை மதிப்பிட்டுத் தருகிறோம் என்பவர்கள் செய்வதும் நீங்கள் இப்போது செய்த கணக்கைத்தான்.

இன்னோர் ஆண்டு காத்திருக்கலாமா?

பலர் கேட்பது இதுதான். தாளைப் பாருங்கள். பள்ளி, கல்லூரிப் புள்ளிகள் நன்றாக இருந்து பர்சன்டைல் மட்டும் குறைவு என்றால், வேலையில் இருந்துகொண்டே இன்னொரு முறை எழுதுவதில் லாபம் உண்டு. வேலை மாதங்களும் ஏறும். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த இடைவெளியைப் பற்றி இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள்.

பழைய மதிப்பெண்கள் இரண்டு இடங்களில் 60களில் நிற்கின்றன, கேட்டிலும் இரண்டு முறை 97ஐத் தாண்டவில்லை என்றால், மூன்றாவது முறையும் அகமதாபாத், பெங்களூர், கொல்கத்தா ஐஐஎம்களையே குறிவைப்பதில் அர்த்தம் இல்லை. வேலையில் குறைந்தது இரண்டு ஆண்டு முடித்தவர்களை ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண்ணோடு எடுக்கும் ஹைதராபாத் ஐஎஸ்பி போன்ற இடங்களின் ஓராண்டுப் படிப்பைப் பாருங்கள். அங்கே பத்தாம் வகுப்பு அட்டவணையை விட, வேலையில் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் துருவுவார்கள். அதற்கான விண்ணப்பக் கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதங்களும் ஆறாம் அத்தியாயத்தில். அந்த வழி என்று முடிவு செய்திருந்தால் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களைத் தாண்டிவிட்டு நேராக அங்கே போய்விடலாம்.